சர்வர் நின்றது, மோட்டார் நிற்கவில்லை

ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்காக வீட்டில் இணையத்தோடு பேசும் சாதனங்களைப் பொருத்தலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தண்ணீர் மோட்டார், கதவுப் பூட்டு, கேமரா, ஸ்விட்ச்போர்டு என்று எல்லாவற்றையும் ஒரே கம்பெனியிடம் வாங்கி அம்மா வீட்டில் மாட்டினேன். ஒரு கோடைக் காலையில் அந்தக் கம்பெனியின் சர்வர், அதாவது இவற்றை எங்கிருந்தோ இயக்கும் அவர்களுடைய கணினி, நின்றுபோனது. அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் ஒண்டியாகச் சமாளித்தேன். வாங்கும்போது கடையில் யாராவது இரண்டு கேள்வி கேட்கச் சொல்லியிருந்தால் பணமும் போயிருக்காது, அம்மா அத்தனை நாள் குடத்தில் தண்ணீர் சுமந்திருக்கவும் வேண்டாம்.

அம்மா இருப்பது திண்டுக்கல்லில், நான் சென்னையில். அப்பா போன பிறகு அம்மாவை அழைத்துக்கொள்ள எவ்வளவோ முயன்றேன். “இந்த வீட்டை விட்டு எங்கேயும் வரமாட்டேன்” என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள். அவளுக்கு முழங்கால் வலி. மோட்டார் போட, நிறுத்த, டேங்க் நிரம்பிவிட்டதா என்று பார்க்க மாடிப்படி ஏறி இறங்குவதுதான் பெரிய கஷ்டம். கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு டீலர் மூலம் முழு செட்டும் வாங்கினேன். டேங்க் சென்சாரும் மோட்டார் பெட்டியும் 9,500 ரூபாய், கைரேகைப் பூட்டு 16,000, மூன்று கேமரா 12,000, நான்கு ஸ்விட்ச்போர்டை ஆப்பிலிருந்து இயக்க உள்ளே வைக்கும் மாட்யூல்கள் 18,000, பொருத்தும் கூலி 6,500. மொத்தம் 62,000 ரூபாய். இது போக வருஷச் சந்தா 2,400.

முதல் ஒரு வருஷம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. டேங்கில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும், நிரம்பினால் நிற்கும். சாயங்காலம் ஆறரைக்கு வாசல் விளக்கு எரியும். “இப்பல்லாம் நான் மாடிக்கே போறதில்ல, வடகம் காயவைக்க மட்டும்தான்” என்று அம்மா சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்வாள். அதனால் இந்தச் சாதனங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முழங்கால் வலிக்கிற ஒருத்திக்கு இவை தரும் நிம்மதியைக் கண்ணால் பார்த்தவள் நான்.

அன்று அம்மா ஒரு காதுகுத்துக்காகப் பழனிக்குப் போயிருந்தாள். நான் ஆபீஸில் இருந்தேன். பக்கத்து வீட்டு அத்தை கூப்பிட்டார். “பாப்பா, உங்க வீட்டு மாடியிலேருந்து தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கு. விடியக்காலையிலேருந்தே சத்தம் கேக்குது, அம்மாதான் உள்ள இருக்காங்கன்னு நெனச்சேன்.” ஆப்பைத் திறந்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, பிறகு ‘சர்வருடன் இணைக்க முடியவில்லை’ என்று வந்தது. போனை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். அப்போது லாகின் கூட ஆகவில்லை. கஸ்டமர் கேர் எண் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

அத்தையை உள்ளே அனுப்பி மெயினை அணைக்கச் சொல்லலாம் என்றால், பூட்டைத் தூரத்திலிருந்து திறப்பதும் அதே ஆப்தான், அதே சர்வர்தான். சாவி அம்மாவின் பையில் பழனியில் இருந்தது. எங்கள் பழைய வீட்டில் ஈபி மீட்டரும் ஃபியூஸும் பூட்டிய கதவுக்கு உள்ளேதான். அத்தை வாசலில் நின்றுகொண்டு “என்ன பாப்பா செய்யட்டும்?” என்று கேட்கிறார், என்னிடம் பதில் இல்லை. கையில் இருந்த போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பந்தியில் உட்கார்ந்தவள் சாப்பிடாமலே எழுந்து பஸ் பிடித்தாள்.

அம்மா வந்து சேர்வதற்குள் அத்தையிடமிருந்து இன்னொரு அழைப்பு: “தண்ணி நின்னுடுச்சு பாப்பா, மோட்டார் தானா நின்னுடுச்சு போல.” எனக்கு உயிர் வந்தது. ஆனால் மோட்டார் நிற்கவில்லை. வெயில் காலத்தில் எங்கள் போர்வெல்லில் ஊற்று குறைவு. இருந்த தண்ணீரையெல்லாம் மேலே தள்ளி முடித்துவிட்டு மோட்டார் வெறும் காற்றில் ஓடிக்கொண்டிருந்தது. போருக்குள் இறக்கும் மோட்டாருக்குச் சுற்றியிருக்கும் தண்ணீர்தான் சூட்டைத் தணிக்கிறது. அது இல்லாமல் ஓடினால் உள்ளே கருகிவிடும். வெளியே சத்தம் எதுவும் கேட்காது. அம்மா வந்து மெயினை அணைத்துவிட்டு மறுநாள் போட்டபோது ஒரு உறுமல், உடனே எம்சிபி (அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் தானாக அணையும் ஸ்விட்ச்) விழுந்தது.

பைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மோட்டாரை மேலே தூக்கிய மெக்கானிக் அண்ணன் அதைப் பிரித்து என் கையில் கொடுத்தார். நான் அதற்குள் இரவு பஸ்ஸில் போய்ச் சேர்ந்திருந்தேன். செம்புக் கம்பியெல்லாம் கறுத்து, மேலே பூசியிருந்த வார்னிஷ் கையில் பொடியாக உதிர்ந்தது. “காயில் கருகிப்போச்சும்மா. தண்ணி இல்லாம ரொம்ப நேரம் ஓடியிருக்கு. ட்ரை ரன் ஆனா கட் பண்ற மாதிரி ஸ்டார்ட்டர் பொட்டி இருந்திருந்தா தானா ஆஃப் ஆயிருக்குமே, இருந்ததை எதுக்குக் கழட்டுனீங்க?” என்று கேட்டார். புதிய பெட்டி அதையும் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் பொருத்தியவர் பழையதைக் கழற்றினார். மோட்டாரைத் தூக்கி இறக்கும் கூலி, காயில் கட்டியது, மாற்றிய பைப் எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய்க்கு மேல் ஆனது. காயில் கட்டி வரும்வரை லாரித் தண்ணீரும் குடமும்தான்.

சரி, அந்தப் பெட்டி ஏன் தானாக நிறுத்தவில்லை? இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாளானது. மாடியில் இருந்த டேங்க் சென்சார் பத்தடி கீழே இருந்த மோட்டார் பெட்டியோடு நேரடியாகப் பேசவே இல்லை. ‘நிரம்பிவிட்டது’ என்ற செய்தி வைஃபை வழியாக எங்கோ இருக்கும் சர்வருக்குப் போகும். அங்கே முடிவெடுத்து ‘நிறுத்து’ என்ற கட்டளை திரும்பி வந்தால்தான் பெட்டி நிறுத்தும். மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பதைப் பெட்டி அளந்தது, ஆனால் அளந்ததையும் சர்வருக்கு அனுப்பியதோடு சரி. விடியற்காலையில் ‘ஓடு’ என்ற கட்டளை வந்தது. அதன் பிறகு சர்வர் போய்விட்டது. பெட்டி கடைசியாகக் கேட்டதைச் செய்துகொண்டிருந்தது.

எல்லாம் ஏன் இப்படி ஊர் சுற்றி வர வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. வீட்டு ரவுட்டர் வெளியிலிருந்து தானாக வரும் இணைப்பை உள்ளே விடாது. இங்கே பல பிராட்பேண்ட் இணைப்புகளில் வீட்டுக்கென்று தனி இணைய முகவரி கூடக் கிடைப்பதில்லை, பல வீடுகள் ஒன்றைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் சாதனமும் நம் போனும் தனித்தனியாகக் கம்பெனியின் சர்வரைத் தொடர்புகொண்டு, அது நடுவில் நின்று செய்தியைக் கைமாற்றுகிறது. வெளியூரிலிருந்து பார்க்க இது வசதிதான். ஆனால் வீட்டுக்குள்ளேயே முடிய வேண்டிய வேலையையும் அங்கே கொண்டுபோய் வைத்தால் கம்பெனிக்குச் சந்தா கேட்க ஒரு காரணம் கிடைக்கிறது, நமக்கு அவர்கள் இல்லாமல் விளக்குகூட எரியாத நிலை வருகிறது.

இந்தத் துறை தொடங்கியது இப்படியல்ல. 1982இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் குளிர்பான இயந்திரத்தைக் கணினியோடு இணைத்தார்கள். பாட்டில் இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். 1990இல் ஜான் ராம்கி ஒரு கண்காட்சியில் ரொட்டி சுடும் டோஸ்டரை இணையம் வழியாக இயக்கிக் காட்டினார். 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினித் துறையில் காபி இருக்கிறதா என்று பார்க்க ஒரு கேமரா வைத்தார்கள், 1993இல் அது உலகம் முழுக்கப் பார்க்கும்படி வலையில் ஏறியது. ‘பொருட்களின் இணையம்’ என்று இன்று சொல்கிற பெயரை 1999இல் கெவின் ஆஷ்டன் வைத்தார். அந்த இயந்திரமும் கேமராவும் அவற்றைப் பயன்படுத்தியவர்களின் சொந்தக் கணினிகளில்தான் ஓடின. நடுவில் ஒரு வியாபாரி இல்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளின் மூளை வேறொருவர் கையில் இருப்பது பின்னால் வந்த பழக்கம். எனக்கு இதில்தான் உண்மையான கோபம்.

பூட்டு விஷயத்துக்கு வருகிறேன். கைரேகை பூட்டுக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருந்ததால் சர்வர் போன பிறகும் அது வேலை செய்தது. ஆனால் அம்மாவின் விரலை அது பாதி நேரம் ஏற்கவே ஏற்காது. ரேஷன் கடையில் பெரியவர்கள் விரலை மாற்றி மாற்றி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். வயதாக ஆகக் கைரேகை மங்கும், பாத்திரம் தேய்த்த கையில் இன்னும் மங்கும். பெரியவர்கள் வீட்டுக்கு வாங்குவதென்றால் எண் போட்டுத் திறக்கும் வசதியும், சாதாரணச் சாவித் துவாரமும் இரண்டும் இருக்கிற பூட்டை மட்டுமே வாங்குங்கள். ஒரு சாவியைக் கட்டாயம் நம்பிக்கையான பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். பேட்டரி தீர்ந்தால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கச் சில பூட்டுகளில் அடிப்பக்கம் ஒரு யுஎஸ்பி துளை இருக்கும். அது எங்கே இருக்கிறதென்று அம்மா அப்பாவுக்கு ஒருமுறை தொட்டுக் காட்டிவிடுங்கள்.

கேமராவில் நடந்தது இதைவிட மோசம். ஒரே செட்டில் வாங்கியிருந்தாலும் அவை வேறொரு ஆப்பில், வேறொரு சர்வரில் ஓடியதால் இந்தப் பிரச்சினை அவற்றுக்கு வரவில்லை. எல்லாவற்றையும் சரிபார்த்துவிடுவோம் என்று அந்த ஆப்பின் அமைப்புகளைத் துருவினேன். ‘உரிமையாளர்’ என்ற இடத்தில் என் எண் இல்லை. கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரிந்தன. பொருத்த வந்தவரின் எண் என் போனில் இருந்தது, ஒப்பிட்டுப் பார்த்தேன், அதேதான். அவர் தன் கணக்கில் கேமராக்களைச் சேர்த்துவிட்டு எனக்கு ‘பகிர்ந்து’ கொடுத்திருந்தார். ஒரு வருஷத்துக்கும் மேலாக, என் அம்மா கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பதையும், குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு வருவதையும் அந்த மனிதரால் எப்போது வேண்டுமானாலும் பார்த்திருக்க முடியும். கை நடுங்கியது. கூப்பிட்டுக் கேட்டேன். “எல்லாருக்கும் அப்படித்தான் மேடம் போடுவோம், சர்வீஸுக்கு ஈஸியா இருக்கும்” என்றார், சாதாரணமாக. இந்த ‘எல்லாருக்கும்’ என்ற வார்த்தையைத் தயவுசெய்து கவனியுங்கள். உங்கள் வீட்டிலும் அப்படி இருக்கலாம்.

இன்றே செய்யக்கூடிய வேலை இது. கேமரா ஆப்பில் சாதனத்தின் அமைப்புகளுக்குப் போய் உரிமையாளர் யார், யார் யாருக்குப் பகிரப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வேறொருவர் பெயரில் இருந்தால் அவரைத் தன் ஆப்பிலிருந்து நீக்கச் சொல்லி, கேமராவில் உள்ள ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்து முதலிலிருந்து உங்கள் எண்ணில் சேருங்கள். பல கேமராக்கள் பழைய உரிமையாளர் நீக்காமல் புதிய கணக்கில் சேராது. பணத்தின் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். கேமராவோடு வரும் பாஸ்வேர்டை அப்படியே வைக்காதீர்கள். 2016 அக்டோபரில் மிராய் என்ற, தீங்கு செய்யும் மென்பொருளைக் கொண்டு, ஆலை போட்ட பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் பெரும் எண்ணிக்கையில் பிடித்து, அவற்றை ஏவியே ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களைப் பலருக்குக் கிடைக்காமல் செய்தார்கள். 2025 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் சிசிடிவி கேமராக்களை விற்க அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. வாங்கும்போது அந்தச் சான்று உள்ள மாடலா என்று கேளுங்கள். வீட்டுக்கு உள்ளே இருந்த கேமராவை நான் கழற்றிவிட்டேன். வாசலிலும் கொல்லைப்புறத்திலும் மட்டும் வைத்திருக்கிறேன்.

இனி பணத்தைத் திரும்பப் பெற அலைந்த கதை. கம்பெனியிடமிருந்து வந்தது ஒரே ஒரு மின்னஞ்சல்: ‘சேவைகளை நிறுத்துகிறோம், உங்கள் ஆதரவுக்கு நன்றி.’ அதுவும் மோட்டார் கருகிய பிறகுதான் வந்தது. அப்போதுதான் மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் எந்தக் கம்பெனியின் நிலையையும் யாரும் இலவசமாகப் பார்க்கலாம் என்று தெரிந்தது. கம்பெனி இயங்குகிறதா, பெயர் நீக்கப்பட்டதா, திவால் நடவடிக்கையில் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் வரும். வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். எப்போது தொடங்கியது, கடைசியாக எந்த வருஷத்துக்குக் கணக்கு தாக்கல் செய்தது என்பவை மட்டுமே நிறையச் சொல்லிவிடும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். புகார் எண் கொடுத்தார்கள், கம்பெனிக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து பதில் இல்லை. பிறகு பொருளை எனக்கு விற்றுப் பில் கொடுத்த டீலருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். அதன் பிறகுதான் அவர் பேசவே ஆரம்பித்தார். “நான் வெறும் டீலர்ங்க, கம்பெனி மூடினா நான் என்ன பண்றது?” என்றார். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விற்பனையாளரும் பொறுப்பிலிருந்து முழுதாகத் தப்ப முடியாது என்பதையும், நான் வசிக்கும் ஊரிலேயே மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்பதையும், கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது என்பதையும் எடுத்துச் சொன்னேன். பேரம் பேசி 14,000 ரூபாய் திருப்பித் தந்தார். அலுத்துப் போயிருந்ததால் அதோடு ஒப்புக்கொண்டேன். புகாருக்கு இரண்டு வருஷக் கெடு உண்டு, பில் இல்லாவிட்டால் நிரூபிப்பது கஷ்டம். பொருத்தியவர் கொடுக்கும் துண்டுச்சீட்டை நம்பாமல், ஒவ்வொரு பொருளுக்கும் ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். விற்கும்போது வாட்ஸ்அப்பில் சொன்ன உறுதிமொழிகளையும் எடுத்து வையுங்கள். ‘நெட் இல்லன்னாலும் மோட்டார் ஆட்டோமேட்டிக்கா நிக்கும்’ என்று டீலர் எழுதிய ஒரு வரிதான் எனக்குக் கைகொடுத்தது.

பெரிய கம்பெனியாகப் பார்த்து வாங்கினால் போதும் என்று நினைக்க வேண்டாம். கூகுள் குடும்பத்தைச் சேர்ந்த நெஸ்ட், தான் வாங்கிய ரிவால்வ் என்ற வீட்டுக் கருவியை 2016 மே மாதம் நிறுத்தியது. 300 டாலர் கொடுத்து வாங்கியவர்கள் வீட்டில் அது வெறும் பெட்டியாகிவிட்டது. அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற கம்பெனியின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பே இல்லாமல் அணைந்தன. பிறகு அதன் வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து கம்பெனியை வாங்கி மறுபடி ஓட வைத்தார்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம், எத்தனை காலம் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்பதை விற்கும்போதே சொல்லச் சொல்கிறது. பெட்டியைக் கையில் எடுத்ததும் நான் இப்போது தேடுவது அந்தத் தேதியைத்தான். பால் பாக்கெட்டில் கூடப் போடுகிறோம்.

வீட்டை மறுபடி ஒழுங்குபடுத்தியதில் மோட்டாருக்குத்தான் முதலிடம். 3,800 ரூபாய்க்கு ஒரு சாதாரணக் கன்ட்ரோலர் வாங்கினேன். டேங்கிலிருந்து ஒயர் நேராகப் பெட்டிக்கு வருகிறது. ஆம்பியர் குறைந்தால் தண்ணீர் இல்லை என்று புரிந்துகொண்டு பெட்டியே அணைத்துவிடும், சிறிது நேரம் கழித்து மறுபடி முயலும். இணையம் என்ற பேச்சே இல்லை. தீயும் தண்ணீரும் கதவும் சம்பந்தப்பட்ட எதிலும் முடிவு அந்த இடத்திலேயே எடுக்கப்பட வேண்டும். தூரத்திலிருந்து பார்க்க ஆசைப்பட்டால் அதன் மேல் ஒரு வசதியாக இணையத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். வாட்டர் ஹீட்டருக்கும் இதேதான், அதன் சொந்தத் தெர்மோஸ்டாட்டைத் தாண்டி எந்த ஆப்பையும் நம்ப வேண்டாம். ஸ்மார்ட் பிளக் போடுவதானால் 16 ஆம்பியர் தாங்கும் பிளக்தானா என்று பார்த்துப் போடுங்கள்.

ஸ்விட்ச் மாட்யூல்களைத் தூக்கிப் போடத்தான் இருந்தேன். பக்கத்துத் தெருவில் பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவன் ஒன்றைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “அக்கா, இதுல இருக்கறது ஈஎஸ்பி8266 சிப். வேற சாஃப்ட்வேர் ஏத்தலாம்” என்றான். டாஸ்மோட்டா என்ற இலவச மென்பொருளை ஏற்றினான். சர்வரே இல்லாமல் வீட்டு வைஃபைக்குள் மாட்யூல்கள் மறுபடி உயிர்பெற்றன. என் பழைய லேப்டாப்பில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறந்த மென்பொருளை நிறுவி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுவந்தான். வாசல் விளக்கு ஆறரைக்கு எரிய வேண்டும் என்ற முடிவு இப்போது அம்மா வீட்டு அலமாரியில் இருக்கும் அந்த லேப்டாப்பில் எடுக்கப்படுகிறது. இதைச் செய்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. மென்பொருள் ஏற்றும்போது மாட்யூல் போர்டிலிருந்து முழுதாகக் கழற்றப்பட்டு, 3.3 வோல்ட்டில் மட்டுமே இருக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தோடு இணைத்தபடி கணினியில் செருகினால் உயிருக்கே ஆபத்து. எல்லா மாட்யூலிலும் இந்தச் சிப் இருக்காது. உங்களுடையதைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

இவ்வளவு மெனக்கெட முடியாதவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். கடையில் டெமோ காட்டும்போது, “அண்ணே, அந்த ரவுட்டருக்கு வர்ற நெட் கேபிளை மட்டும் கழட்டிட்டுக் காட்டுங்க” என்று கேளுங்கள். ரவுட்டர் ஓட வேண்டும், வெளி இணைப்பு மட்டும் இருக்கக் கூடாது. அப்போதும் போனிலிருந்து விளக்கு எரிந்தால், போட்டு வைத்த டைமர் நேரத்துக்கு ஓடினால், வாங்கலாம். மழுப்பினால் வந்துவிடுங்கள். பெட்டியில் ‘மேட்டர்’ என்ற முத்திரை இருந்தால் நல்லது. 2022 அக்டோபரில் வந்த இந்தப் பொது முறை வீட்டுக்குள்ளேயே சாதனங்களை இயக்கும்படி வடிவமைக்கப்பட்டது, ஒரு கம்பெனியின் பல்பு இன்னொரு கம்பெனியின் ஆப்பிலும் வேலை செய்யும். ஆனால் சில வசதிகள் அப்போதும் அந்தந்தக் கம்பெனியின் ஆப்பில் மட்டும்தான் இருக்கும். கேமராவுக்கு மெமரி கார்டு போடும் இடமும், ஆர்டிஎஸ்பி அல்லது ஆன்விஃப் என்ற பொது முறைகளில் படத்தை அனுப்பும் வசதியும் இருக்கிறதா என்று கேளுங்கள். அவை இருந்தால் கம்பெனி போனாலும் வேறு மென்பொருளில் பார்க்கலாம்.

சின்னச் சின்னத் தொல்லைகளும் உண்டு. ஃபைபர்காரர் ரவுட்டரை மாற்றிவிட்டுப் போனால் வீட்டில் எதுவும் வேலை செய்யாது. புது ரவுட்டரில் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே வைத்துவிட்டால் எல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். இந்தச் சாதனங்களில் பெரும்பாலானவை 2.4 ஜிகாஹெர்ட்ஸில்தான் இணையும், அதை ரவுட்டரில் அணைத்துவிடாதீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை முதல் மாலை வரை கரண்ட் போய்த் திரும்பி வரும்போது, அணைத்திருந்த விளக்கும் ஃபேனும் தாமாக ஓட ஆரம்பிக்கலாம். ‘மின்சாரம் திரும்பும்போது என்ன நிலை’ என்ற அமைப்பைத் தேடி, ‘அணைந்தே இருக்கட்டும்’ என்று வையுங்கள். ரவுட்டருக்கு மட்டும் ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் போட்டால் சிறிய மின்வெட்டுகளைத் தாங்கும்.

மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறேன். மோட்டார் எம்சிபி எது, கன்ட்ரோலரை விலக்கிவிட்டு மோட்டாரை நேராகப் போடும் ஸ்விட்ச் எது, மெக்கானிக் அண்ணன் எண், அத்தை வீட்டில் சாவி என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, லேமினேட் செய்தது. அம்மா கண்ணாடி போடாமலே படிக்கிறாள்.

போன மாதம் ஒட்டன்சத்திரத்தில் மாமா தோட்டத்துக்குப் போனபோது, அவருடைய மொபைல் ஸ்டார்ட்டரையும் பார்த்துவிட்டு வந்தேன். வீட்டிலிருந்தே மிஸ்டு கால் கொடுத்து மோட்டார் போடும் விவசாயிகள் இப்போது நிறையப் பேர். அந்தப் பெட்டிகளில் பழையவை 2ஜியில்தான் ஓடும். ஜியோவில் 2ஜி கிடையாது, எனவே சிம் மாற்றும்போது பார்த்து மாற்ற வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண்ணே கைமாறிப் போய்விடும் என்பதால், அந்த சிம்முக்கு ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கச் சொன்னேன். எந்தெந்த எண்ணிலிருந்து அழைத்தால் மோட்டார் ஓடும் என்ற பட்டியலையும் எடுத்துப் பார்த்தோம். அதில், பெட்டியைப் பொருத்தியவரின் எண் இன்னும் இருந்தது. மாமா அதை உடனே நீக்கிவிட்டு, பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் போன் போட்டுச் சொன்னார்.